மரப்பாலம் மக்கியது எனக்குத் தெரியும்

என் மகள் ரூபிணிக்கு,

இன்னும் பத்து நாளில் உனக்குக் கல்யாணம். கல்யாணப் பெண்ணுக்கு அப்பன் எழுதும் கடிதம் என்றால், மாமியாரை மதி, மாப்பிள்ளையை மிதிக்காதே என்று ஆரம்பிக்க வேண்டும். அதையெல்லாம் உன் அம்மா பார்த்துக்கொள்வாள். நான் எழுத உட்கார்ந்தது மரப்பாலம் முறிந்து டிராக்டர் கவிழ்ந்த கதையை. நம் குடும்ப வாட்சப் குழுவில் நாற்பது பேர் இருக்கிறார்கள். உனக்கு அனுப்பிய கையோடு அங்கேயும் இதைப் போடப்போகிறேன். மூன்று வாரமாக அந்த நாற்பது பேரும் "ரூபிணி கவனிக்காம ஓட்டிட்டா" என்றுதான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நீயும் அப்படித்தான் நம்புகிறாய். அந்தப் பாலத்தைக் கவனித்தவன் ஒருவன் இருந்தான். முந்தின நாளே கவனித்தான். அவன் நான்.

என் வாய் எப்படிப்பட்டது என்று நம் பெக்கான் நானாஸ் ஊர் முழுக்கத் தெரியும். நீ பிறந்த அன்று காலையில் உன் பெரியப்பாவுக்குப் போன் செய்து, பெண் பிறந்திருக்கிறது என்றேன். "போடா, போன வாரம் ரெட்டப் புள்ளன்ன. அதுக்கு முந்தி தோட்டத்துல புலின்ன" என்று போனை வைத்துவிட்டார். மூன்றாம் நாள் உன் அம்மா பேசிய பிறகுதான் வந்தார். அப்போதும் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, உன் காலைக் கிள்ளி, நீ அழுத பிறகே நம்பினார். அன்னாசியை நின்றுகொண்டு தின்றால் தலையில் கொண்டை முளைக்கும் என்று உனக்கு ஆறு வயதில் சொன்னேன். ஒரு வருடம் முழுக்க உட்கார்ந்தே தின்றாய். நீ பாலிடெக்னிக் விடுதியில் இருந்தபோது வார்டன் குரலில் மலாயில் பேசி, அறையில் பூனை வளர்க்கிறாயாமே என்று மிரட்டினேன். உண்மையிலேயே ஒரு பூனை இருந்தது என்றும், நீ அதை வாளிக்குள் வைத்து மேலே துண்டைப் போட்டு மூடி மூன்று மாடி இறங்கினாய் என்றும் பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு அது உரம் போட்ட மாதிரி. சிரிக்க வைக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு, ரூபி. நல்ல சேதியோ கெட்ட சேதியோ, சொல்லி முடித்ததும் எதிரே இருப்பவர் சிரித்தாரா என்றுதான் பார்ப்பான். சேதி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கமாட்டான்.

அந்த வெள்ளிக்கிழமை பிற்பகல் நம் அன்னாசித் தோட்டத்து நடுவாய்க்கால் மேல் கிடந்த மரப்பாலத்தில் நான் நின்றேன். நம் மண் எப்படி என்று உனக்குத் தெரியும். குழுவில் படிக்கிற பட்டணத்துக்காரர்களுக்காகச் சொல்கிறேன். அது மண்ணே இல்லை, ஆயிரம் வருடம் மக்கிய வேரும் இலையும். காலை வைத்தால் மெத்தை, சக்கரத்தை வைத்தால் கஞ்சி. அதன் மேல் போடுகிற கட்டை மேலிருந்து மக்காது, அடியிலிருந்து மக்கும். மேலே பார்த்தால் நேற்றுப் போட்டது போலவே இருக்கும். நடக்கும்போது ஓரத்துக் கட்டை லேசாக முனகியது. பாராங் கத்தியால் ஒரு குத்துக் குத்தினேன். மரவள்ளிக்கிழங்குப் பலகாரத்தில் இறங்குகிற மாதிரி பிடிவரைக்கும் இறங்கியது. ஒழுங்கான மனிதன் அந்த இடத்திலேயே இரண்டு குச்சியை நட்டு ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தி கட்டையில் நிற்க, போனில் ஒரு படம் எடுத்தேன். 'கேக் வெட்டு விழா' என்று எழுதிக் குழுவில் போடலாம் என்று நினைப்பு. மழை வந்தது. போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாலை தேநீர் நேரத்தில் உன்னிடம் சொல்லத்தான் செய்தேன். எப்படிச் சொன்னேன் என்று எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

"நடுவாய்க்கா பாலம் மண்டையப் போட்டுருச்சும்மா. கருமாதி என்னைக்குன்னு கேட்டு வைக்கணும்."

நீ பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டே சிரித்தாய். "போன வாரம் வாய்க்கால்ல மொதலன்னீங்க. இந்த வாரம் பாலமா? அடுத்த வாரம் என்னப்பா, டிராக்டர் முட்ட போடுமா?"

"போடும்லா. டபுள் மஞ்சக் கரு."

"தாங்கல லா உங்களோட."

அவ்வளவுதான் நடந்தது. அந்த இடத்தில் நான் முகத்தை மாற்றிக்கொண்டு, 'இல்லம்மா, நெசமாத்தான்' என்று இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. நீ சொன்ன டிராக்டர் முட்டை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. மகள் என்னையே மிஞ்சிவிட்டாள் என்ற குஷியில் பாலம் மனசிலிருந்து நழுவிவிட்டது.

மறுநாள் நீ மெக்கானிக்காக இருக்கிற டிராக்டர் பட்டறைக்கு விடுமுறை. பழம் ஏற்ற வழி சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று வெறும் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனாய். நான் அந்தப் பக்கத்து வரப்பில் கன்று பிடுங்கிக்கொண்டிருந்தேன். கட்டை முறிந்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. எஞ்சின் ஒரு மாதிரி உயர்ந்து கத்தியது, பிறகு தண்ணீரில் ஏதோ மெதுவாக உட்கார்ந்தது. நிமிர்ந்தால் பின்சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் ஓடினேன். ஒரு பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட்டது. பாதி வழியில் எஞ்சின் நின்றது. வாய்க்கால் கரையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். நீ பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாய். முகமெல்லாம் கறுப்புத் தண்ணீர், கண் மட்டும் வெள்ளை.

"நிறுத்துற கம்பிய இழுத்துட்டேன்பா. சாவியத் திருப்பினா இது நிக்காது" என்றாய்.

அதுதான் முதல் வார்த்தை. சீட்டுக்குப் பின்னால் நிற்கிற இரும்பு வளைவு மண்ணுக்குள் இறங்கி, உன் தலைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு முழம் இடம் வைத்திருந்தது. அந்த வளைவை மடக்கி வை, கிளை தட்டுகிறது என்று நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு தடவைகூட நீ கேட்கவில்லை. பெல்ட் போடாதே, அவசரத்தில் குதிக்க முடியாது என்று சொன்னதும் நான்தான். அதையும் கேட்கவில்லை. என் பேச்சைக் கேட்காததால் நீ இன்று இருக்கிறாய். இதை எல்லா அப்பன்மாரும் படிக்கட்டும். உன்னை வெளியே இழுத்ததும் தலையைத் தடவினேன், தோளைத் தடவினேன், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினேன்.

"பல்ல ஏம்பா எண்றீங்க?"

"மாப்பிள்ள வீட்டுக்குக் கொறச்சலா அனுப்பக்கூடாதுல்ல."

வாய் அப்படிச் சொன்னது. விரல் முதல் பல்லிலிருந்து திரும்ப எண்ணிக்கொண்டிருந்தது. கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்து, தோளில் பெல்ட் பதிந்த காயம் தவிர ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எண்ணுவதை விட்டேன்.

பிற்பகலில் பக்கத்துத் தோட்டத்து மலாய்க்காரர் பாக் டோலா தன் மண்தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து டிராக்டரைத் தூக்கி நிமிர்த்தினார். நாலு சக்கரமும் தரையில் பட்டதும் என் கை தானாகச் சாவிக்குப் போனது. ஏன் போனது என்று இப்போது யோசிக்கிறேன். எஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டால் காலையில் நடந்தது எதுவும் நடக்காத மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. நீ என் புறங்கையில் ஒரு அடி வைத்தாய்.

"கைய எடுங்கப்பா. கவுந்த எஞ்சினுக்கு மொத வைத்தியம், ஒண்ணும் செய்யாம இருக்கறது."

"ஒண்ணும் செய்யாம இருக்கறதுல நான் ஸ்பெஷலிஸ்ட்."

"அப்ப அத மட்டும் செய்ங்க. அடியில இருந்த எண்ணெய் எல்லாம் தலைகீழா இருந்தப்ப சிலிண்டருக்குள்ள எறங்கியிருக்கும். காத்த அமுக்கலாம், எண்ணெய அமுக்க முடியாது. இப்ப ஸ்டார்ட் பண்ணீங்கன்னா பிஸ்டன் மேல வந்து முட்டும், அதத் தாங்குற கம்பி வளையும். கவுந்ததுல சாகாத எஞ்சின நாம கொல்லணுமா?"

பாக் டோலாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்த அடி புரிந்தது. "பாண்டாய் புடாக் நி" என்றார். கெட்டிக்காரப் பிள்ளை என்று. நான் ஒன்றும் செய்யாமல் மிகத் திறமையாக நின்றுகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீ வேலையை ஆரம்பித்தாய். அந்த இரண்டு மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். காற்று வடிகட்டியைக் கழற்றினாய். உள்ளே எண்ணெய் சொட்டியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, காற்று போகும் குழாய் முழுவதையும் துணி விட்டுத் துடைத்தாய். அங்கே எண்ணெய் தங்கினால் எஞ்சின் அதையே டீசலாகக் குடித்து, நிறுத்த நிறுத்த நிற்காமல் ஓடும் என்றாய். டீசல் தொட்டியின் அடியைத் திறந்தாய். தேநீர் நிறத்தில் வாய்க்கால் தண்ணீர் வந்தது. தொட்டியைக் காலி செய்து, வடிகட்டியை மாற்றி, பேட்டரியில் சிந்திப்போனதைக் கழுவி, அதையும் மாற்றினாய். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற மூன்று ஊசிகளையும் கழற்றி வரிசையாகத் துணி மேல் வைத்தாய். பிறகு முன்பக்கத்து நட்டில் நீளமான ஸ்பேனரைப் போட்டுக் கையாலேயே எஞ்சினை மெல்லச் சுற்றினாய். ஊசி இருந்த ஓட்டைகளிலிருந்து கறுப்பு எண்ணெய் திமிங்கிலம் மூச்சு விடுகிற மாதிரி பீறிட்டது. என் சட்டையில்தான் விழுந்தது. இவ்வளவும் உள்ளே இருக்கும்போதுதான் நான் சாவியைத் திருப்பப் போனேன்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, எண்ணெய் ஊற்றி, டீசல் குழாயில் இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு, ஒரு பலகைத் துண்டை என் கையில் கொடுத்தாய்.

"எஞ்சின் வெறி புடிச்சு ஓடினா, காத்து உள்ள போகாம இத வாயில வச்சு அடைச்சிருங்க."

"யாரு வாயில?"

"மொதல்ல எஞ்சின். அப்பறம் உங்க இஷ்டம்."

ஸ்டார்ட் ஆனது. நீலப் புகையும் வெள்ளைப் புகையும் கலந்து வந்து, அன்னாசி வரிசையே மறைந்துபோனது. ஐந்து நிமிடத்தில் புகை மெலிந்தது. நான் பலகையைக் கீழே போட்டு ஆட ஆரம்பித்தபோது டக், டக், டக் என்று ஒரு சத்தம். கம்பி வளைந்துவிட்டது, எஞ்சின் போயிற்று என்றே நினைத்தேன். நீ மட்டும் அவசரப்படவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும் டீசல் போகிற குழாயின் நட்டை ஒன்று ஒன்றாகத் தளர்த்தினாய். ஒன்றைத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டர் வேலை நிறுத்தம் செய்யும். நோய் அதற்குள் இருந்தால் சத்தம் குறையும். முதல் குழாய், சத்தம் மாறவில்லை. இரண்டாவது, மாறவில்லை. மூன்றாவதும் மாறவில்லை.

"உள்ள ஒண்ணும் இல்லப்பா. எஞ்சின் மேல பழி இல்ல. சத்தம் வெளியேருந்து வருது" என்றாய்.

குனிந்து பார்த்தால் விசிறியைச் சுற்றியிருந்த தகரம் உள்ளே மடங்கி, இறக்கையில் தட்டிக்கொண்டிருந்தது. கையால் வளைத்துவிட்டாய். சத்தம் நின்றது. நீ சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தாய். நானும் உட்கார்ந்தேன். அந்த நிம்மதியை நான் இன்னும் தினமும் காலையில் கொஞ்சம் எடுத்துத் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஆனால் நீ எஞ்சினுக்குச் செய்த நியாயத்தை உனக்கு யாரும் செய்யவில்லை. உன் அம்மா பயத்தில் "கண்ண எங்க வச்சிருந்த?" என்று கத்தியபோது, "நான்தான்மா கவனிக்கல" என்றாய். முந்தின நாள் நான் சொன்னதைக்கூட நீ எடுத்துப் பேசவில்லை. அதுவும் ஒரு விளையாட்டு, தற்செயலாகப் பலித்துவிட்டது என்று நினைத்திருப்பாய். நான் என் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் சேதி மாப்பிள்ளை பிரகாஷின் ஊரான ஆயர் ஈத்தாமுக்குப் போய்விட்டது. பிரகாஷின் அம்மா போனில் உன்னிடம் கோபமாகப் பேசவில்லை, அழுதுகொண்டேதான் பேசினார்கள். கல்யாணத்துக்கு அப்புறம் இந்த டிராக்டர் வேலை வேண்டாம்மா, கவனம் தப்பினா உயிர் போயிரும் என்றார்கள். நீ "சரி அத்த" என்றாய். அந்தப் பக்கத்துப் பெரிய பட்டறையில் உனக்குக் கிடைத்த வேலையை, நீ இரண்டு வருடமாகக் காத்திருந்த வேலையை, அந்த ஒரு வார்த்தையில் விட்டுவிட்டாய்.

போன திங்கட்கிழமை மடிக்கணினியை என் பக்கம் திருப்பி, "இந்த லெட்டர்ல இங்கிலீஷ் சரியா இருக்காப்பா?" என்று கேட்டாய். வேலை வேண்டாம் என்று பட்டறைக்கு எழுதியிருந்தாய். எப்போது அனுப்பப் போகிறாய் என்றேன். வெள்ளிக்கிழமை என்றாய். இங்கிலீஷில் ஒரு தப்பும் இல்லை. மற்ற எல்லாம் தப்பு. அன்றைக்கு நான் உட்கார்ந்து, நீ நட்டைத் தளர்த்திய மாதிரி என் சாக்குகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன். அவளிடம் சொன்னேனே. சத்தம் மாறவில்லை. மழை வந்துவிட்டதே. மாறவில்லை. அவளே பார்த்து ஓட்டியிருக்கலாமே. அதுவும் மாறவில்லை. கோளாறு என்னிடம்தான்.

நேற்றுக் காலை நான் சந்தைக்குப் பழம் போடப் போகவில்லை. ஆயர் ஈத்தாம் போனேன். உன் மாமியார் கடை வாசலில் பூச்சட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சம்மந்திம்மா, டிராக்டர் கவுந்தது ரூபிணி தப்பு இல்ல. என் தப்பு" என்றேன்.

அவர் சிரித்தார். "ஆரம்பிச்சிட்டீங்களாண்ணே. நிச்சயதார்த்தத்துல மோதிரத்தக் காணோம்னு சொல்லி எனக்கு பிரஷர ஏத்தினவருதான நீங்க."

"இல்லம்மா, நெசமாத்தான்."

"அன்னைக்கும் இதே நெசமாத்தான்தான் சொன்னீங்க."

முப்பது வருடமாக நான் சேர்த்து வைத்த விளையாட்டுப் பொய்யெல்லாம் அந்தக் கடை வாசலில் என் முன்னால் வந்து நின்றது. உன்னைக் காப்பாற்ற வந்த இடத்தில் என் உண்மை செல்லவில்லை. வேறு வழி தெரியாமல் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். மக்கிய கட்டை, அதில் நிற்கிற கத்தி, மேலே தேதி. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை விரலால் பெரிதாக்கினார். யாரோ ஒருவர் வந்து சட்டி என்ன விலை என்று கேட்டார். அவர் திரும்பவே இல்லை.

"இது வெள்ளிக்கிழம எடுத்ததா?"

"வெள்ளிக்கிழம. கவுந்தது சனிக்கிழம."

"தெரிஞ்சுகிட்டேவா அந்தப் பொண்ண விட்டீங்க?"

"சொன்னேன். சிரிக்கிற மாதிரி சொன்னேன்."

"அதுக்குச் சொல்லாமயே இருந்திருக்கலாம்ணே."

ஆமாம்மா என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருடைய தம்பி லாரிக்கு அடியில் வேலை செய்தபோது ஜாக்கி நழுவி இறந்துபோனவராம். பிரகாஷ்கூட உன்னிடம் சொல்லியிருக்கமாட்டான். அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசமாட்டார்களாம். பெண்ணுக்குக் கவனம் போதாது என்று கேட்டதும் அந்தப் பழைய பயம் வந்துவிட்டது என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வளைவு, பெல்ட், கம்பி, ஊசி, பலகை. ஒரு இடத்தில்கூட நகைச்சுவை சேர்க்கவில்லை, நீ நம்பமாட்டாய்.

"தலைகீழாத் தொங்கறப்பவே எஞ்சின நிறுத்துச்சா?" என்று இரண்டு தடவை கேட்டார். "நானா இருந்தா முருகா முருகான்னு கத்திகிட்டு இருந்திருப்பேன்." கொஞ்ச நேரம் சட்டியைத் துடைத்துவிட்டு, "அது வேலைக்குப் போகட்டும்ணே. உங்க தப்ப நீங்க அதுகிட்ட சொல்லுங்க. என் தப்ப நான் போன் பண்ணிச் சொல்லிக்கிறேன்" என்றார். இன்று மாலை உன்னைக் கூப்பிடுவார்.

அதனால் நாளைக்கு அந்தக் கடிதத்தை அனுப்பாதே, ரூபி. படத்தைக் கீழே இணைத்திருக்கிறேன்; தேதியைப் பார்த்துக்கொள். நீ கவனம் இல்லாதவள் இல்லை. உன் கவனத்தால்தான் நீயும் பிழைத்தாய், எஞ்சினும் பிழைத்தது. நடுவாய்க்காலில் இப்போது சிமெண்டுக் குழாய் இறக்கி மண் அணைத்தாயிற்று. மேலே நான் நடந்து பார்த்தேன், பாக் டோலாவின் இயந்திரமும் ஏறிப் பார்த்தது. உன்னிடம் மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கம் இல்லை. இதுவரை நான் கேட்ட மன்னிப்பெல்லாம் சிரிப்பில் முடிந்திருக்கிறது. இந்தத் தடவை சிரிக்காமல் கேட்கிறேன். நீ உடனே சரி என்று சொல்ல வேண்டியதில்லை.

நேற்று நான் காரில் ஏறும்போது உன் மாமியார் பின்னாலேயே வந்தார். கடை வேன் காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகையாக வருகிறதாம், ரூபிணி வந்ததும் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். நான் வேண்டுமானால் இப்போதே பார்க்கட்டுமா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, "வேணாம்ணே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் உன் ஸ்பேனர் பெட்டியைத் துடைத்துச் சீர்த்தட்டு ஒன்றில் வைத்துவிட்டேன். பத்தொன்பது தட்டு இருபதாகிவிட்டது, சீர் ஒற்றைப்படையில்தான் போக வேண்டும் என்று உன் அம்மா சண்டைக்கு வந்தாள். இன்னொரு தட்டில் ஒரு டீசல் வடிகட்டியையும் ஒரு எண்ணெய் வடிகட்டியையும் வெற்றிலை பாக்கோடு வைத்து இருபத்தொன்று ஆக்கியிருக்கிறேன். மண்டபத்தில் பூத்தட்டும் பழத்தட்டும் பெண்கள் எடுத்து வரட்டும். அந்த ஸ்பேனர் தட்டை எல்லோரும் பார்க்க நானே தூக்கிக்கொண்டு நடப்பேன். கனம்தான். இருக்கட்டும்.

அப்பா